அரசுத் துறை வாங்கிய பொருளைச் சரிபார்ப்பது எப்படி: டெண்டர் முதல் இருப்புப் பதிவேடு வரை முழு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஓர் அரசு அலுவலகமோ, ஊராட்சியோ, நகராட்சியோ, வாரியமோ வாங்கிய பொருளுக்குக் கொடுத்த பணம் நியாயமா, அந்தப் பொருள் உண்மையில் தேவைப்பட்டதா, வந்து சேர்ந்ததா, பயன்படுகிறதா என்பதைத் தாள்களை வைத்தே சரிபார்ப்பதற்கான வழிகாட்டி இது. புதிதாக இறங்குகிறவர்கள் அநேகமாக எல்லோரும் விலையில்தான் தொடங்குகிறார்கள். "கடையில் இவ்வளவு, இவர்கள் அவ்வளவு கொடுத்திருக்கிறார்கள்" என்று ஒரு மனு எழுதுவார்கள். துறை இரண்டு வரியில் பதில் சொல்லிவிடும், அதோடு விஷயம் முடிந்துவிடும். விலையைக் கடைசிக்குச் சற்று முன்பு தொடுங்கள். முதலில் தேவை, பிறகு நிபந்தனை, பிறகு போட்டி, அதற்குப் பிறகுதான் விலை. இந்த வரிசை மாறினால் மொத்த உழைப்பும் வீணாகும்.

சாலை, கட்டடம் போன்ற ஒப்பந்த வேலைகளை இங்கே எடுக்கவில்லை. அதற்கு அளவுப் புத்தகம் படிக்கத் தெரிய வேண்டும், அது தனிக் கதை. இங்கே பேசுவது பொருள் கொள்முதல் மட்டும்: தெருவிளக்கு, கணினி, மேசை நாற்காலி, பிளீச்சிங் பவுடர், குப்பை வண்டி, மருத்துவமனைக் கருவி மாதிரியானவை.

1. தொடங்கும் முன் தயார் செய்ய வேண்டியவை

மூன்று சட்டங்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் (டெண்டர்) வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதன் கீழ் வந்த 2000-ஆம் ஆண்டு விதிகள், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. முழுதும் மனப்பாடம் தேவையில்லை, ஆனால் "சட்டத்தில் அப்படி இல்லையே" என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்லும்போது பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும். மத்திய அரசு அலுவலகம் என்றால் முதல் இரண்டுக்குப் பதிலாக 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள்.

கூட இரண்டு மூன்று பேர் வேண்டும். கோப்பைப் பார்வையிடப் போகும்போது ஒருவர் படிக்க, ஒருவர் குறித்துக்கொள்ள வசதி என்பது ஒரு காரணம். உள்ளூரில் பணம் சம்பந்தப்பட்ட கேள்வியைத் தனி ஆளாகக் கேட்பவருக்கு மிரட்டல் வருவது உண்டு என்பது அதைவிடப் பெரிய காரணம். தகவல் கேட்டதற்காகவே தாக்கப்பட்டவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள், ஆகவே இதை லேசாக எடுக்காதீர்கள். விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் பிரித்துப் போடுங்கள்.

அப்புறம் பொறுமை. முதல் விண்ணப்பத்திலேயே எல்லாம் கையில் வந்துவிடும் என்று நினைத்து இறங்கினால் பாதியில் விட்டுவிடுவீர்கள். சில மாதங்கள் ஆகும், இரண்டாம் மேல்முறையீடு வரை போனால் இன்னும் இழுக்கும்.

2. ஒரே ஒரு கொள்முதலை எடுங்கள்

"கடந்த ஐந்து ஆண்டுகளில் வாங்கிய அனைத்துப் பொருட்களின் விவரம்" என்று கேட்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அப்படிக் கேட்டால், கோப்புகளைத் திரட்டுவது அலுவலகத்தின் மனிதவளத்தை அளவுக்கு மீறித் திருப்பிவிடும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7(9) பிரிவைக் காட்டி எழுதுவார்கள். பதில் வந்தாலும் ஆயிரம் பக்கம் வரும், அதை வைத்து நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு பொருள், ஒரு ஆண்டு, ஒரு அலுவலகம். உதாரணமாக, உங்கள் ஊராட்சி ஒன்றியத்தில் ஒரு நிதியாண்டில் வாங்கிய எல்இடி தெருவிளக்குகள். எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால், நேரில் போய் எண்ணிப் பார்க்கக்கூடிய பொருளாக எடுங்கள். விளக்கை எண்ணலாம், நாற்காலியை எண்ணலாம். பிளீச்சிங் பவுடர் தீர்ந்துபோகிற பொருள், கொட்டினோம் என்பார்கள், அதை முதல் முயற்சிக்கு எடுக்க வேண்டாம்.

3. கொள்முதல் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

இதைப் பொறுத்துத்தான் அடுத்த எல்லாமே. டெண்டர் இன்னும் திறக்கவில்லை என்றால் நிபந்தனையைத் திருத்த வைக்கலாம், ரத்துகூடச் செய்ய வைக்கலாம். ஆணை கொடுத்தாகிவிட்டது, பணம் போகவில்லை என்றால் பட்டியல் தொகையை நிறுத்தி வைக்கக் கேட்கலாம். பணமும் போய்விட்டது என்றால் தணிக்கை, வசூல், விசாரணை என்ற நீண்ட பாதைதான்.

முதல் கட்டத்தில் பிடிப்பதற்கு இருக்கிற பலம் தனி. தமிழ்நாட்டில் கிராமங்களுக்கு இணைய வசதி தரும் பாரத்நெட் திட்டத்துக்காக விடப்பட்ட சுமார் 2,000 கோடி ரூபாய் டெண்டரில், நிபந்தனைகள் சில நிறுவனங்களை மட்டும் உள்ளே விடும்படி இருக்கின்றன என்று புகார் போனது. மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை அந்த நிபந்தனைகளை ஆராய்ந்து, டெண்டரை ரத்து செய்துவிட்டு மறுபடி விடச் சொன்னது. அது 2020 ஜூன் மாதம். வேலை யாருக்கும் கொடுக்கப்படும் முன்பே நடந்தது. யார் லஞ்சம் வாங்கினார்கள் என்று அங்கே யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை, நிபந்தனை என்ன சொல்கிறது என்பதே போதுமானதாக இருந்தது.

4. கேட்காமலே கிடைப்பதை முதலில் எடுத்துவிடுங்கள்

பொதுவில் இருப்பதை ஆர்டிஐயில் (தகவல் அறியும் உரிமை விண்ணப்பத்தில்) கேட்டு ஒரு மாதம் வீணாக்குகிறவர்கள் நிறைய. தமிழ்நாடு அரசின் மின் டெண்டர் தளத்தில் நடப்பு டெண்டர்கள், திருத்த அறிவிப்புகள், முடிவுகள், பழைய டெண்டர்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனி இணைப்புகள் உண்டு. நிறுவனம் வாரியாகவும் தேடலாம். டெண்டர் நடப்பில் இருக்கும்போதே எல்லாக் கோப்புகளையும் இறக்கி வைத்துவிடுங்கள். முடிந்த பிறகு சுருக்கம் மட்டும் நிற்கும், முழு ஆவணம் கிடைக்காமல் போகலாம்.

டெண்டர் அடையாள எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள். பின்னால் ஆர்டிஐ போடும்போது இந்த எண் இருந்தால் "எந்தக் கொள்முதல் என்று தெளிவாக இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது.

முடிவுப் பகுதியில் எத்தனை பேர் போட்டியிட்டார்கள், யார் தொழில்நுட்பச் சுற்றில் நீக்கப்பட்டார்கள், யார் எவ்வளவு விலை போட்டார்கள் என்பது பெரும்பாலும் இருக்கும். அதைத் திரைப்பிடிப்பு எடுத்துத் தேதியோடு சேமியுங்கள். மத்திய அரசு அலுவலகங்கள் என்றால் ஜெம் என்ற அரசு இணையச் சந்தைத் தளத்தில் முடிந்த ஒப்பந்தங்களைத் தேடிப் பார்க்கலாம். ஊராட்சி என்றால் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் செலவுச் சீட்டுகள் வரை கிடைக்கும்.

அப்புறம், இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகள். சட்டமன்றத்தில் வைக்கப்பட்டவை எல்லாம் அந்தத் துறையின் தளத்தில் இருக்கின்றன. நீங்கள் எடுத்த பொருளைப் பற்றியே இருக்க வேண்டும் என்றில்லை. அதே துறையின் வேறு கொள்முதலில் தணிக்கை என்ன கேட்டது என்று படித்தால், எந்தத் தாளில் ஓட்டை விழும் என்பது பிடிபடும். ஒரு தணிக்கைப் பத்தியை ஊன்றிப் படிப்பது பத்து பேரிடம் ஆலோசனை கேட்பதைவிட மேல் என்பது என் கருத்து.

5. டெண்டர் நிபந்தனைகளை விலையைப் பார்க்காமல் படியுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். வீண் செலவு பெரும்பாலும் விலைப்பட்டியலில் பிறப்பதில்லை, யார் உள்ளே வரலாம் என்று எழுதும் பக்கத்தில் பிறக்கிறது.

முதலில் அவகாசம். தமிழ்நாட்டு விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் கொடுக்க வேண்டும். குறைக்கலாம், ஆனால் டெண்டர் கோருபவருக்கு மேலே இருக்கும் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதிக்க வேண்டும். ஏழு நாளில் முடிந்த டெண்டரைப் பார்த்தால் அந்தக் காரணக் குறிப்பைக் கேளுங்கள். "அவசரம்" என்ற ஒரு சொல்லோடு நிற்கிற குறிப்புகள் உண்டு, அப்போது பொருள் வந்து இறங்கிய தேதியைப் பாருங்கள். அவசரம் என்று ஏழு நாளில் டெண்டர் முடித்துவிட்டு நான்கு மாதம் கழித்துப் பொருள் வாங்கியிருந்தால் அந்த இரண்டு தேதிகளே உங்கள் முதல் கேள்வி.

அடுத்தது தகுதி. பொருளின் மதிப்புக்குச் சம்பந்தமில்லாத ஆண்டு விற்றுமுதல் கேட்டிருக்கிறார்களா? இதே துறைக்கு இதே பொருளைக் கொடுத்த அனுபவம் வேண்டும் என்று இருக்கிறதா? அப்படி இருந்தால் ஏற்கெனவே கொடுத்தவர் மட்டுமே வர முடியும். பல பொருட்களை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறார்களா? கணினியும் மேசையும் யுபிஎஸ்ஸும் மூன்றாண்டுப் பராமரிப்பும் ஒன்றாக என்றால், மேசை செய்கிற சிறு பட்டறைக்காரர் வெளியே நிற்பார்.

பிறகு விவரக்குறிப்பு. பொருள் என்ன வேலை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தால் சரி. மில்லிமீட்டர் கணக்கில் நீளம் அகலம், குறிப்பிட்ட பாகத்தின் மாடல் எண், ஒரே நிறுவனத்தின் விளம்பரத் தாளில் இருக்கும் வாசகம் என்று இருந்தால் அந்த வரியை அப்படியே இணையத்தில் தேடிப் பாருங்கள். எந்தத் தயாரிப்பு வந்து நிற்கிறது என்று தெரிந்துவிடும். மத்திய பொது நிதி விதிகள், விவரக்குறிப்பில் குறிப்பிட்ட வணிகப் பெயர் வரக்கூடாது, பொதுவாகவும் அளக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கின்றன.

திருத்த அறிவிப்புகளைத் தவறாமல் படியுங்கள். புதியவர்கள் இதை அநேகமாகத் திறப்பதே இல்லை. முதல் அறிவிப்பு நல்லபடியாக இருக்கும், கடைசி நாளுக்கு முன்தினம் ஒரு திருத்தம் வந்து அனுபவ நிபந்தனை மாறியிருக்கும்.

கடைசியாக, டெண்டரே இல்லாமல் வாங்கியது. ஒப்பந்தப்புள்ளிகள் சட்டத்தில் இதற்கு விலக்கு உண்டு: இயற்கைப் பேரிடர், ஒரே ஒருவரிடம் மட்டும் கிடைக்கும் பொருள், அரசு நிறுவனங்களே தயாரிப்பது போன்றவை. விலக்கு இருப்பது தப்பில்லை, ஆனால் விலக்கைக் காட்டி வாங்கும்போதும் விலையை நியாயப்படுத்தும் தாள் இருக்க வேண்டும். கேரளத்தில் 2020 மார்ச்சில், கொரோனா நேரத்தில், 550 ரூபாய்க்குக் கிடைத்த பாதுகாப்புக் கவச உடையை 1,550 ரூபாய்க்கு வாங்கியதைத் தணிக்கை எடுத்துக்காட்டியது. கூடுதல் செலவு 10.23 கோடி ரூபாய் என்று 2025 ஜனவரியில் வைக்கப்பட்ட அறிக்கை சொன்னது. அவசரம் உண்மையானதுதான், ஆனால் அதே நாட்களில் குறைந்த விலைக்குக் கொடுக்க ஆள் இருந்தார்கள் என்பதைத் தேதியும் ஆணைகளும் காட்டின. பேரிடர் காலக் கொள்முதல் என்றால் கேட்கவே முடியாது என்று ஒதுங்குகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

6. ஆர்டிஐயில் தாளைக் கேளுங்கள், காரணத்தைக் கேட்காதீர்கள்

"ஏன் இவ்வளவு விலை கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது, வர வேண்டிய கட்டாயமும் இல்லை. கோப்பில் ஏற்கெனவே இருப்பதைத்தான் தர வேண்டும், புதிதாக விளக்கமோ கருத்தோ உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சிபிஎஸ்இ வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே காரணம் எந்தத் தாளில் எழுதப்பட்டிருக்குமோ அந்தத் தாளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பொருள் கொள்முதலுக்கு இந்த மாதிரி எழுதலாம்:

"… நிதியாண்டில் தங்கள் அலுவலகம் … எண்ணுள்ள டெண்டர் மூலம் வாங்கிய எல்இடி தெருவிளக்குகள் தொடர்பாகக் கீழ்க்கண்ட ஆவணங்களின் சான்றிட்ட நகல்கள் வேண்டும். (அ) பொருள் தேவை என்று கோரிய கடிதம் மற்றும் தேவைப்பட்டியல். (ஆ) நிர்வாக அனுமதி ஆணை. (இ) கோப்பின் குறிப்புப் பக்கங்கள். (ஈ) விலைப்புள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியல். (உ) ஏற்பு ஆணை, வழங்கல் ஆணை. (ஊ) விலைச்சீட்டு, தரச் சோதனை அறிக்கை, பொருள் பெற்றதற்கான ஒப்புகை. (எ) இருப்புப் பதிவேட்டில் இந்தப் பொருளுக்குரிய பக்கங்கள், எந்த இடத்துக்கு எத்தனை வழங்கப்பட்டது என்ற விவரத்துடன். (ஏ) இக்கொள்முதல் குறித்த தணிக்கைத் தடைகளும் அவற்றுக்குக் கொடுத்த பதில்களும்."

குறிப்புப் பக்கங்களை எல்லோரும் மறக்கிறார்கள். கீழே இருக்கும் எழுத்தர் தொடங்கி மேலே கையெழுத்துப் போடுபவர் வரை யார் என்ன எழுதினார்கள் என்பது அங்கேதான் இருக்கும். "சந்தை விலையை விட அதிகமாக உள்ளது, பேசிக் குறைக்கலாம்" என்று ஓர் உதவியாளர் எழுதியிருப்பார், அதைத் தாண்டி மேலே அனுமதி போயிருக்கும். குறைந்த விலைக்காரரின் விலையே சந்தை விலையை விட அதிகம் என்று தெரிந்தால் அவரிடம் மட்டும் பேசி விலையைக் குறைக்கலாம் என்று தமிழ்நாட்டுச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தினார்களா என்பதைக் குறிப்புப் பக்கம்தான் காட்டும்.

நகலோடு நிற்காமல் நேரடிப் பார்வையும் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(j) பிரிவு கோப்புகளைப் பார்வையிடவும், குறிப்பெடுக்கவும், பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. முழுக் கோப்பையும் பார்த்துவிட்டு வேண்டிய பக்கத்தை மட்டும் நகல் எடுத்தால் செலவும் குறையும், கொடுக்காமல் விட்ட பக்கமும் தெரியும். பக்க எண்கள் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். மாநில அரசின் இணையவழி ஆர்டிஐ தளத்திலும் போடலாம். தபாலில் என்றால், 2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது, எனவே விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, 6(2) பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. "ஊழல் நடந்திருப்பதால்" என்று விண்ணப்பத்தில் எழுதுவதால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை, கோப்பு காணாமல் போக ஒரு காரணம் கொடுத்தது போல ஆகும்.

7. பதில் வராதபோதும் மறுக்கும்போதும்

30 நாள் கணக்கை நாட்காட்டியில் குறியுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போயிருந்தால் ஐந்து நாளில் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றால் அது மறுப்பாகவே கருதப்படும், அதற்குப் பிறகு கொடுக்கும் நகல்களுக்குக் கட்டணம் கேட்கக்கூடாது.

முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அது முடிந்து தகவல் ஆணையத்துக்குப் போக 90 நாள். இந்தத் தேதிகளைத் தவறவிட்டு, மறுபடி முதலில் இருந்து விண்ணப்பம் போடுகிறவர்கள்தான் அதிகம். காத்திருப்பது மரியாதை என்று நினைக்காதீர்கள், 31-ஆம் நாள் மேல்முறையீட்டை எழுதத் தொடங்குங்கள்.

கொள்முதல் கேள்விகளுக்கு வழக்கமாக வரும் மறுப்பு "வணிக ரகசியம், 8(1)(d)". அந்தப் பிரிவு, வெளியிட்டால் ஒருவரின் போட்டி நிலை பாதிக்கும் என்றால்தான் பொருந்தும், அதிலும் பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம். டெண்டர் முடிந்து ஆணையும் கொடுத்த பிறகு விலையில் என்ன ரகசியம்? ஏற்கப்பட்டவரின் பெயரையும் முகவரியையும், மற்றவர்களை நிராகரித்த காரணங்களையும் டெண்டர் இதழுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டமே சொல்கிறது. இதை மேல்முறையீட்டில் எழுதுங்கள். ஒரு பகுதி மட்டும் ரகசியம் என்றால் அதை மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும், அது 10-ஆவது பிரிவு.

இன்னொன்று "தனிநபர் தகவல்". எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 மூலம் அந்த விலக்கு முன்பைவிட இறுக்கமாகிவிட்டது, எனவே அதிகாரிகளின் பெயரைக் கேட்காமல் பதவியைக் கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது தாளும் தேதியும்தான்.

8. வந்த தாள்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள்

அலுவலகம் எந்த வரிசையில் கொடுத்ததோ அப்படியே படிக்காதீர்கள். எல்லாவற்றையும் தேதிப்படி அடுக்கி ஒரு தாளில் பட்டியல் போடுங்கள்: தேதி, ஆவணம், யார் கையெழுத்து, தொகை. பாதிக் கேள்விகள் இந்தப் பட்டியலிலேயே தானாக எழும்.

தேவைக் கடிதம் நிர்வாக அனுமதிக்குப் பின் தேதியில் இருக்கிறதா? அப்படியானால் வாங்க முடிவெடுத்துவிட்டுத் தேவையை உருவாக்கியிருக்கிறார்கள். தேவைக் கடிதமே இல்லையா? கீழிருந்து யாரும் கேட்காமல் மேலிருந்து தள்ளிய பொருள், இதுதான் பிற்பாடு பிரிக்காத அட்டைப் பெட்டியாகக் கிடங்கில் கிடக்கும். என் அனுபவத்தில் கூடுதல் விலையைவிட இந்த வகை வீணடிப்புதான் அதிகம், ஆனால் விலையைப் போல அது யாரையும் கோபப்படுத்துவதில்லை, அதனால் யாரும் கேட்பதும் இல்லை.

மூன்று விலைப்புள்ளிகள் வாங்கியிருந்தால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே எழுத்துப்பிழை, ஒரே தட்டச்சு அமைப்பு, அடுத்தடுத்த வரைவோலை எண்கள், ஒரே கதவு எண். ஒவ்வொரு பொருளிலும் மற்ற இருவரின் விலை ஒரே விகிதத்தில் உயர்ந்திருந்தால் அது டம்மி விலைப்புள்ளி என்று சந்தேகிக்க இடமுண்டு. விலைப்புள்ளிகளில் கூட்டுச் சேர்வது போட்டிச் சட்டம் 2002-இன் கீழும் குற்றச்சாட்டாக எடுக்கப்படும் விஷயம்.

பிரித்து வாங்குவதையும் இங்கேதான் பிடிக்கலாம். ஒரே பொருள், ஒரே கடை, ஒரு வாரத்துக்குள் பல சிறு விலைச்சீட்டுகள், ஒவ்வொன்றும் டெண்டர் வரம்புக்குச் சற்றுக் கீழே. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் விதிப்படி இருக்கும், கூட்டினால்தான் தெரியும்.

அப்புறம் மார்ச் மாதம். நிதியாண்டின் கடைசியில் அள்ளிச் செலவழிப்பதை நிதி ஒழுக்க மீறல் என்றே மத்திய நிதி விதிகள் குறிப்பிடுகின்றன. மார்ச் 28, 29, 30 தேதியிட்ட விலைச்சீட்டுகளைத் தனியாக எடுத்து, அதே பொருளின் இருப்புப் பதிவேட்டுத் தேதியோடு ஒப்பிடுங்கள். பணம் மார்ச்சில் போய், பொருள் ஜூனில் பதிவாகியிருந்தால், வராத பொருளுக்கு "பெற்றுக்கொண்டேன்" என்று யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

9. இப்போது விலையைத் தொடுங்கள்

கடை விலையையும் டெண்டர் விலையையும் நேராக ஒப்பிடக்கூடாது. வரி, உத்தரவாதக் காலம், போக்குவரத்து, பொருத்தும் கூலி இவை இரண்டு பக்கமும் ஒன்றாக வரும் வரை கணக்கைச் சமன் செய்ய வேண்டும்.

ஓர் எண் கணக்கு, புரிவதற்காக மட்டும். பள்ளிகளுக்கு 200 கணினிகள், டெண்டர் விலை வரி சேராமல் 52,000 ரூபாய், 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 61,360. இணையக் கடையில் அதே மாடல் வரி உட்பட 48,000. புதியவர் உடனே ஒரு கணினிக்கு 13,360 என்று எடுத்து 26,72,000 ரூபாய் இழப்பு என்று எழுதிவிடுவார். கடை விலையில் இருந்து வரியை எடுத்தால் 40,678, ஆக உண்மை வித்தியாசம் 11,322. கூடுதல் ஆண்டுகளுக்கான உத்தரவாதத்துக்கு வரி சேராமல் 5,000, பள்ளி வரை கொண்டுபோய் வைக்க 500 என்று விலை விசாரித்துக் கழித்தால் மிஞ்சுவது 5,822. இருநூறுக்கு 11,64,400. தொகை பாதிக்கும் கீழே வந்துவிட்டது, ஆனால் இந்தத் தொகையைத் துறையால் எளிதில் தட்டிவிட முடியாது. பெரிய தொகையை எழுதினால் வரியை மறந்ததை ஒரே வரியில் காட்டி உங்கள் முழு மனுவையும் மூடிவிடுவார்கள்.

இருநூறு வாங்கும்போது ஒன்று வாங்கும் விலையை விடக் குறைய வேண்டும் என்பதையும் எழுதுங்கள், ஆனால் அதற்கு ஒரு தொகை போட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

விலையை எந்தத் தேதியில் ஒப்பிடுகிறீர்கள் என்பது முக்கியம். இன்றைய கடை விலையை இரண்டு ஆண்டுக்கு முந்தைய டெண்டரோடு வைத்தால் செல்லாது, மின்னணுப் பொருட்களில் குறிப்பாக. அதே மாதத்தில் வேறொரு மாவட்டமோ வேறொரு துறையோ அதே விவரக்குறிப்பில் வாங்கிய விலைதான் மிகச் சிறந்த ஆதாரம், ஏனென்றால் ஓர் அரசு அலுவலகம் கொடுத்த விலையை இன்னோர் அரசு அலுவலகம் "நம்பத்தக்கதல்ல" என்று தள்ள முடியாது.

10. நேரில் போய் எண்ணுங்கள்

இருப்புப் பதிவேட்டின் நகலோடு கிளம்புங்கள். எந்தத் தெருவுக்கு எத்தனை விளக்கு என்று அதில் இருக்கும். முன்னிரவில் எண்ணினால் எரியாதவையும் தெரிந்துவிடும். விளக்கின் மேல் அச்சிட்ட வாட் அளவு, தயாரிப்பாளர் பெயர், வரிசை எண் ஆகியவற்றை, கம்பத்தின் எண்ணும் தெரியும்படிப் படம் எடுங்கள். 40 வாட் என்று பணம் கொடுத்து 25 வாட் மாட்டியிருந்தால் விலை ஒப்பீடே தேவையில்லை, அந்த ஒரு படம் போதும்.

பள்ளியிலோ மருத்துவமனையிலோ என்றால் முன்கூட்டியே அனுமதி கேட்டுப் போங்கள். பயன்படாமல் கிடக்கும் கருவியைப் பார்த்தால் அங்கே வேலை செய்பவரைக் குறை சொல்லத் தொடங்காதீர்கள். பொருத்த மின்வசதி இருந்ததா, இயக்க ஆள் நியமித்தார்களா, சோதனைக்கான வேதிப்பொருள் வந்ததா என்று கேளுங்கள். கருவி வாங்க நிதி வரும், இயக்க நிதி வராது. இது அந்தச் செவிலியரின் தவறில்லை, அவர் பலமுறை கடிதம் எழுதியிருப்பார், அந்தக் கடித நகல்தான் உங்களுக்கு அடுத்து வேண்டியது.

11. எங்கே, எப்படிக் கொடுப்பது

இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். முதல் பத்தியில் எந்தக் கொள்முதல், எவ்வளவு தொகை. அடுத்து முரண்பாடுகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே இணைப்புப் பக்க எண். கடைசியில் நீங்கள் என்ன கேட்கிறீர்கள்: பணத்தை நிறுத்த வேண்டுமா, மறு ஆய்வா, வசூலா. "ஊழல்", "கொள்ளை" என்ற சொற்களை விட்டுவிடுங்கள். "விதிப்படி 30 நாள், கொடுத்தது 9 நாள்" என்ற வரிக்கு எதிராக யாரும் அவதூறு வழக்குப் போட முடியாது.

பணம் இன்னும் போகவில்லை என்றால் டெண்டரை ஏற்ற அதிகாரிக்கும் அவருக்கு மேலே உள்ளவருக்கும் ஒரே நாளில் கொடுங்கள். சட்டப்படியான மேல்முறையீடு, டெண்டரில் கலந்துகொண்டவருக்கு மட்டும்தான், அதுவும் பத்து நாளுக்குள். பொதுமக்கள் கொடுப்பது புகார் மனு. நீக்கப்பட்ட போட்டியாளர் யாராவது இருந்தால் அவருக்கு இந்தக் காலக்கெடுவை நினைவுபடுத்துங்கள்.

பணம் போய்விட்டது என்றால் தணிக்கைக்கு. உள்ளாட்சி அமைப்புகள் என்றால் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை, அரசுத் துறைகள் என்றால் சென்னையில் உள்ள மாநிலத் தணிக்கைத் தலைமை அலுவலகம். அந்த அலுவலகத்துக்குத் தணிக்கை வரும் மாதத்தை விசாரித்து, அதற்கு முன்பே உங்கள் தாள்கள் அங்கே போய்ச் சேரும்படி அனுப்புங்கள். தணிக்கைக் குழு வந்து போன பிறகு அனுப்பினால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும்.

ஊராட்சி என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். வரவு செலவு வாசிக்கும்போது எழுந்து கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டால் அது காற்றோடு போய்விடும். கேள்வியை எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

போலி ஆவணம், வராத பொருளுக்குப் பணம் போன்ற தெளிவான ஆதாரம் இருந்தால் மட்டும் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம். 2018 திருத்தத்தில் வந்த 17ஏ பிரிவின்படி, ஓர் அதிகாரி பதவிக்காலத்தில் எடுத்த முடிவை விசாரிக்கவே அரசின் முன் அனுமதி தேவைப்படும், அதனால் இங்கே தாமதம் சாதாரணம். புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலவரம் கேட்டு எழுதுங்கள்.

12. அடுத்த ஆண்டு டெண்டருக்கு இப்போதே தேதி குறியுங்கள்

தெருவிளக்கு ஒரு தடவை வாங்கி முடிகிற பொருள் இல்லை, அடுத்த ஆண்டும் வாங்குவார்கள். இந்த ஆண்டு நீங்கள் திரட்டிய விலை, விவரக்குறிப்பு, எண்ணிப் பார்த்த கணக்கு எல்லாம் அப்போது பயன்படும். போன டெண்டர் எந்த மாதம் வந்ததோ அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்து தளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். அறிவிப்பு வந்ததும், டெண்டர் தாக்கலுக்கு முந்தைய கூட்டத்துக்கு நாள் குறித்திருந்தால் அதற்கு முன்பாகவே, போன ஆண்டு சிக்கலாக இருந்த நிபந்தனையை மட்டும் சுட்டி ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். பழுதாகிக் கிடக்கும் விளக்குகளின் எண்ணிக்கையையும், அவை உத்தரவாதக் காலத்தில்தான் இருக்கின்றன என்பதையும் அதே கடிதத்தில் சேருங்கள். பழைய விளக்கை இலவசமாக மாற்றித் தர வேண்டியவர் இருக்கும்போது புதிது வாங்க அனுமதி கேட்கும் குறிப்பில் யாராவது கையெழுத்துப் போட வேண்டும், உங்கள் கடிதமும் அதே கோப்பில் இருக்கும்.